எனக்குத்தான் ஒன்னும் பண்ணலையே

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற யாரிடமாவது, "உங்களுக்கு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டுப் பாருங்கள். பல் பிடுங்கப் போனேன், அங்கே பார்த்துச் சொன்னார்கள். காப்பீடு எடுக்க உடம்பைச் சோதித்தார்கள், அதில் வந்தது. யாரையோ பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், சும்மா கையை நீட்டினேன். பதில்கள் இப்படித்தான் வரும். பிரஷர் இருக்குமோ என்று சந்தேகப்பட்டுப் போய்க் கண்டுபிடித்தவர் என் பழக்கத்தில் ஒருவர்கூட இல்லை. எனக்கும் கண்ணாடி பவர் மாற்றப் போன இடத்தில்தான் தெரிந்தது. விளக்கை அடித்து உள்ளே பார்த்த கண் டாக்டர், கண்ணைப் பற்றி எதுவும் பேசாமல், "பி.பி. கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்றார்.

என் சித்தப்பாவுக்கு இந்த விஷயம் பிடிபடுவதே இல்லை. "தலை கிறுகிறுன்னு வந்தா எனக்கே தெரிஞ்சிடும்டா. அன்னிக்குப் போட்டுக்கிறேன் மாத்திரையை" என்பார். அப்படிச் சொன்ன அன்று அவருக்கு மேலே 168, கீழே 96. அவருடைய கடைசி வாதம், "எனக்குத்தான் ஒன்னும் பண்ணலையே." மறுக்க முடியாத வாதம், ஏனென்றால் அது உண்மை. அவருக்கு ஒன்றும் பண்ணவில்லை. 170, 180-ல்கூடப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் பண்ணாது. தலைவலி, கிறுகிறுப்பு, முகம் சிவப்பது என்று நாம் பிரஷரின் கணக்கில் எழுதுகிறவை எல்லாம் பிரஷர் இல்லாதவர்களுக்கும் தாராளமாக வருகின்றன. 2019 கணக்குப்படி 30 முதல் 79 வயதுக்குள் உலகில் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 46 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான்.

உடம்புக்குமா தெரியாது என்றால், தெரியும். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் மகாதமனியின் வளைவிலும் அழுத்தத்தை ஓயாமல் கண்காணிக்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. படுத்திருக்கிறவர் சட்டென்று எழுந்தால் மயங்கி விழாமல் நிற்பது இவற்றின் புண்ணியத்தில்தான். சில நொடிகளில் மூளைத்தண்டுக்குச் செய்தி போகும், ரத்தக்குழாய்கள் இறுகும், இதயம் வேகமெடுக்கும், அழுத்தம் பழைய நிலைக்கு வந்துவிடும். இதெல்லாம் நம் நினைவுக்கு எட்டாத தளத்தில் நடந்து முடிகிறது. போதாததற்கு, அழுத்தம் தொடர்ந்து உயர்ந்தே இருந்தால் இந்த முனைகள் அந்த உயரத்தையே இயல்பு என்று ஏற்றுக்கொண்டு அதைக் காக்கத் தொடங்கிவிடுகின்றன. மாத்திரை ஆரம்பித்த புதிதில் சிலர், "இதைப் போட்டதுல இருந்துதான் அசதியா இருக்கு" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 160-க்குப் பழகிய உடம்புக்கு 130 தாழ்வாகப் படுகிறது. பிரஷர் இருந்தபோது தெம்பாக இருந்தவர், குறைந்ததும் தன்னை நோயாளியாக உணர்கிறார். சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள்தான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சித்தப்பா பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு நம்பிக்கை, பிரஷர் என்றால் கோபம். கத்துகிறவருக்குப் பிரஷர், சாதுவானவருக்கு இல்லை. கோபத்தில் ஏறும் என்பது நிஜம். மாடிப்படியில் ஏறினாலும் ஏறும், பேசினாலும் ஏறும். எடை தூக்கும் வீரர்களின் தமனிக்குள்ளேயே நுண்குழாய் செருகி அளந்து பார்த்திருக்கிறார்கள். மூச்சைப் பிடித்து முக்குகிற அந்த நொடியில் மேல் எண் 300-ஐத் தாண்டியது. எடையை இறக்கியதும் அதுவும் இறங்கிவிட்டது. அதிர்ந்து பேசாத ஒரு மனிதர் நாற்காலியில் சாய்ந்து புத்தகம் படிக்கும்போது 150 காட்டினால், நோய் இவருக்குத்தான். எதற்கெடுத்தாலும் வெடிக்கிற அவருடைய அண்ணனுக்கு, உட்கார வைத்து அளந்தால் 118 இருக்கலாம். உச்சம் எவ்வளவு என்பதைவிட எத்தனை வருஷம் என்பதுதான் கேள்வி. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அந்தக் கணக்கு. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். ஒவ்வொரு துடிப்பிலும் 20, 30 புள்ளி அதிகமாக மோதினால் தமனியின் சுவர் என்ன ஆகும்? ஒரு நாள் பிரஷரை வைத்துப் பதறவும் வேண்டாம், ஒரு நாள் நன்றாக இருந்தது என்று நிம்மதி அடையவும் வேண்டாம் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

மேல் எண், கீழ் எண் என்கிறோமே, அவை என்ன? இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனியில் இருக்கும் அழுத்தம் மேலே. இதயம் தளர்ந்து நிரம்பும்போது மிஞ்சியிருப்பது கீழே. இரண்டும் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில். இப்படிச் சொன்னால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. காதால் கேட்டால்தான் விளங்கும். வீட்டில் தானியங்கி மெஷினோடு, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிற பழைய வகையும் ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு அவசியம் இல்லைதான், ஒரு ஆசை. முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் முதலில் ஒன்றுமே கேட்காது. ஓடுகிற ரத்தம் சீராக ஓடினால் சத்தமே போடாது. மேல்கையில் பட்டையைக் கட்டிக் காற்றடிக்க, தமனி முழுக்க நசுங்கி ஓட்டம் நின்றுவிடும். அப்போதும் அமைதிதான். திருகைக் கொஞ்சமாகத் தளர்த்திக் காற்றை விட்டுக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு டக், டக் என்று தெளிவாக, தாளம் தப்பாமல். நசுங்கிய தமனியை ஒவ்வொரு துடிப்பும் ஒரு கணம் திறந்துகொண்டு பாய்கிற சத்தம் அது. முதல் தட்டு கேட்ட இடம் மேல் எண். இன்னும் காற்று இறங்க இறங்கச் சத்தம் மழுங்கி, தேய்ந்து, அடங்கிப்போகிற இடம் கீழ் எண். அதற்கப்புறம் தமனி திறந்தே இருக்கிறது, ரத்தம் தன் வழியில் போகிறது. நிக்கொலாய் கொரொட்கோவ் என்ற ரஷ்ய அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1905-ல் இந்தச் சத்தங்களைப் பற்றிச் சொன்னார். கையில் கட்டுகிற பட்டையை அதற்கு முன்பே, 1896-ல், இத்தாலியின் ரிவா-ரோச்சி உருவாக்கியிருந்தார். அதற்கெல்லாம் முன்னோடி ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு ஒரு நீளக் கண்ணாடிக் குழாயை இணைத்து நிமிர்த்தினார். ரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பி நின்றது என்று 1733-ல் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போதைய தானியங்கி மெஷின்கள் சத்தத்தைக் கேட்பதில்லை. பட்டைக்குள் உணரும் அதிர்வுகளை வைத்து ஒரு சூத்திரத்தில் கணக்குப் போடுகின்றன. நல்ல மெஷினாக இருந்தால் போதுமானவைதான். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு மட்டும் முன்பின்னாகக் காட்டும்.

தப்பு பெரும்பாலும் மெஷினில் இல்லை, நாம் உட்காருகிற விதத்தில். கை இதய மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினால் 7, 8 புள்ளி கூடும். அந்த உயரத்து ரத்தத்தின் எடை அவ்வளவுதான் என்பதால் இது வெறும் இயற்பியல். முதுகுக்குச் சாய்மானம் இல்லாவிட்டால் கூடும். கால் மேல் கால் போட்டால் கூடும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் கூடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் 10, 20 கூட ஏற்றிக் காட்டும். நிறைய இடங்களில் எப்படி அளக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். ஆள் அப்போதுதான் படியேறி வந்திருப்பார். முதுகுச் சாய்மானம் இல்லாத முக்காலியில் உட்கார வைத்து, சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "வேற என்ன தொந்தரவு? சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே காற்றடிப்பார்கள். அவரும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த எண் சீட்டில் ஏறி, அதை வைத்து மாத்திரையும் கூடுகிறது. எனக்கு இதில் பொறுமை கிடையாது. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார இடம் கொடுப்பதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது?

டாக்டரைப் பார்த்தாலே ஏறுகிறவர்கள் உண்டு. வீட்டில் 122, அங்கே போனால் 150. இதற்கு நேரெதிரான கூட்டமும் உண்டு. டாக்டரிடம் 126, வீட்டிலும் வேலையிடத்திலும் 145. இரண்டாவது கூட்டம்தான் கவலைக்குரியது, சீட்டில் எல்லாம் சரியாக இருப்பதால் யாரும் தேடமாட்டார்கள். அதனால் வீட்டில் அளப்பதே மேல். காலையில் மாத்திரைக்கு முன்பும், இரவிலும், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை, ஒரு வாரம். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மற்றதன் சராசரி. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காப்பியும் சிகரெட்டும் கூடாது. முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையையே பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "பரீட்சை எழுதுற மாதிரி இருக்கேடா" என்றார். ஒரு வாரம் எழுதினார். சராசரி 158. அன்றைக்கு ஏதோ டென்ஷன் என்று தட்டிக்கழிக்க வழி இல்லாமல் போய்விட்டது.

இந்த எண்ணை மருத்துவ உலகமே நீண்ட காலம் நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறுகிய குழாய்கள் வழியே ரத்தத்தைத் தள்ள உயர்ந்த அழுத்தம் தேவை, குறைத்தால் ஆபத்து என்று நினைத்தார்கள். 1931-ல் ஜான் ஹே என்ற பிரிட்டிஷ் மருத்துவப் பேராசிரியர், உயர் அழுத்தக்காரருக்கு மிகப் பெரிய ஆபத்தே அது கண்டுபிடிக்கப்படுவதுதான், யாராவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கப் பார்ப்பான் என்ற பொருளில் எழுதினார். அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108. பரிசோதித்த இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் இதயம் வீங்கியிருப்பதைக் கண்டார், உப்பைக் குறைக்கச் சொன்னார், சிகரெட்டைக் குறைக்கச் சொன்னார். அழுத்தத்தைக் குறைக்க அன்று உருப்படியான மருந்து கிடையாது. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த மனிதரின் எண் மாதத்துக்கு மாதம் ஏறியது. ஜனாதிபதி நலம் என்றே வெளியில் சொன்னார்கள். 1945 ஏப்ரல் 12 மதியம், பின்னந்தலையில் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அளந்தபோது 300/190. மூளையில் ரத்தக்கசிவு, வயது 63.

1950-களின் கடைசியில் சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியேற்றும் மாத்திரைகள் வந்தன. ஆனாலும் அறிகுறியே இல்லாத மனிதருக்குத் தினமும் மருந்து கொடுப்பது நியாயமா என்ற கேள்வி நின்றது. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரைஸ் நடத்திய சோதனை அதை முடித்துவைத்தது. கீழ் எண் 115-லிருந்து 129 வரை இருந்த 143 ஆண்கள். 73 பேருக்கு மருந்து, 70 பேருக்கு வெறும் மாவு மாத்திரை. 1967-ல் முடிவு வந்தபோது, மாவு மாத்திரைக்காரர்களில் 27 பேருக்குப் பக்கவாதம், இதயச் செயலிழப்பு மாதிரியான பெரும் பாதிப்புகள். மருந்து எடுத்தவர்களில் இரண்டே பேருக்கு. சராசரியாக இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இவ்வளவு துலக்கமான முடிவு மருத்துவத்தில் அபூர்வம்.

உள்ளே என்ன நடக்கிறது? அழுத்தத்தைத் தாங்கத் தாங்கச் சிறு தமனிகளின் சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது. இங்கேதான் ஒரு கொடூரமான கணக்கு இருக்கிறது. குழாயின் ஆரம் 10 சதவீதம் குறைந்தால் தடை 10 சதவீதம் கூடும் என்று நினைப்போம். நான்காம் அடுக்கில் கூடுகிறது, அதாவது ஏறக்குறைய 50 சதவீதம். ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. அந்தத் தடையை மீறித் தள்ள அழுத்தம் மேலும் ஏறுகிறது, சுவர் மேலும் தடிக்கிறது. பிரஷரே பிரஷரை வளர்க்கிறது. முன்கூட்டியே பிடித்தால் எளிது, இருபது வருஷம் கழித்துப் பிடித்தால் மூன்று மாத்திரை தேவைப்படும் என்பதன் காரணம் இதுதான்.

அடி வாங்குவது பெரும்பாலும் நுண்ணிய குழாய்களை நம்பியிருக்கிற உறுப்புகள். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். அழுத்தத்தில் அவை ஒவ்வொன்றாகத் தழும்பாகிப் போகும், மீதமிருப்பவை கூடுதல் வேலை பார்க்கும். பாதிக்கு மேல் போகும்வரை ரத்தப் பரிசோதனையில்கூடப் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். பழுதான சிறுநீரகம் உப்பைத் தேக்கி, ஹார்மோன்களைச் சுரந்து, அழுத்தத்தை இன்னும் ஏற்றும். மூளையின் ஆழத்துக்குள் போகும் சன்னமான தமனிகள் அடைத்தால் கடுகளவு புள்ளிகள் செத்துப்போகும். ஒன்றிரண்டு தெரியாது. சேரச் சேர நடை தளரும், யோசனை மந்தமாகும், வயசாயிடுச்சு என்று வீட்டில் சொல்வார்கள். இதயத்தின் இடது அறை தசை பிடித்துத் தடிக்கும், கடைசியில் விரிய முடியாமல் திணறும். உடம்பைக் கீறாமல் இந்தக் குழாய்களை நேராகப் பார்க்கக்கூடிய ஒரே இடம் விழித்திரை. என் கண் டாக்டர் பார்த்தது அதைத்தான்.

எத்தனை இருந்தால் அதிகம் என்பதில் இன்னும் முழு ஒற்றுமை கிடையாது. பெரும்பாலான நாடுகளில் 140/90. அமெரிக்காவில் 2017-லிருந்து 130/80. ஆபத்து என்னவோ அந்தக் கோட்டில் தொடங்குவதில்லை. பத்து லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டிய 2002-ன் பெரிய ஆய்வு ஒன்று, 40 முதல் 69 வயது வரை, 115/75-லிருந்தே மேல் எண்ணில் ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாவு இரட்டிப்பாவதைக் காட்டியது. 2015-ல் வந்த ஸ்பிரின்ட் ஆய்வில் 9,361 பேரில் ஒரு பாதிக்கு 140-க்குக் கீழும் மறுபாதிக்கு 120-க்குக் கீழும் இலக்கு வைத்தார்கள். 120 கூட்டத்தில் சாவு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்ததால், சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மயக்கமும் சிறுநீரகச் சிக்கலும் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் அதிகம். ஆனால் அவர்கள் அளந்தது, அமைதியாக உட்கார வைத்து, மெஷினே பலமுறை அளந்த சராசரி. முக்காலியில் எடுத்த 120 அல்ல. எண்ணை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உப்பு, எடை, நடை, மது, தூக்கம் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நானும் நீட்ட வேண்டாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உலகச் சராசரி அதைப்போல் இரண்டு மடங்கு. உப்பில் நாலில் ஒரு பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றிய சோதனை ஒன்று சீனாவின் 600 கிராமங்களில் நடந்தது. 2021-ல் வந்த முடிவில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களும் சிலவகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி குறையும். யாரும் அதிகம் சொல்லாத ஒன்று, மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாமே வாங்கிப் போடுகிற வலி மாத்திரைகளில் பல பிரஷரை ஏற்றும். மூக்கடைப்பு மருந்துகளும்தான். இன்னொன்று, பலமாகக் குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு, எத்தனை மாத்திரை போட்டாலும் அந்தத் தூக்கத்தைச் சரிசெய்யாமல் கட்டுக்குள் வருவது கஷ்டம். 30 வயதுக்குள்ளேயே பிரஷர் வந்தவர்களும் இப்படி வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒற்றைக் காரணம் எதுவும் அகப்படாது.

மாத்திரைகளைப் பற்றி ஒரு பயம்: "ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாமே?" மாத்திரை நம்மைப் பிடித்துக்கொள்வதில்லை, பிரஷர்தான் போகாமல் இருக்கிறது. எடை நன்றாகக் குறைந்து மாத்திரையைக் குறைத்தவர்கள், டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்தியவர்களும்கூட உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது நடக்காது என்பதையும் மறைக்க வேண்டாம். ஒரே மாத்திரையை இரண்டு மடங்காக்குவதைவிட, வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டைச் சிறிய அளவில் சேர்ப்பது அதிகம் குறைக்கும், தொந்தரவும் குறைவு. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். 'பிரில்' என்று முடிகிற பெயருள்ளவை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். (இந்தக் குடும்பத்தின் முதல் மாத்திரை பிரேசில் விரியன் பாம்பின் நஞ்சை ஆராயப் போய்ப் பிறந்தது.) கர்ப்பிணிகள் இந்தவகை எடுக்கக்கூடாது. எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதைச் சொல்லி மாற்றி வாங்கலாம், வகைகள் ஏராளம். சொல்லாமல் நிறுத்துவதில்தான் விவகாரம்.

வீட்டில் மெஷின் இருந்தால் ஒரு நாள் 185 காட்டத்தான் செய்யும். அன்றைக்கு என்ன செய்வது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு காலத்தில் நிஃபெடிபின் மாத்திரையைக் கடித்து நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். மளமளவென்று இறங்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். அப்படி இறங்கியதாலேயே சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால், 1990-களில் மருத்துவர்கள் அதைக் கைவிடச் சொல்லி எச்சரித்தார்கள். உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீர் வீழ்ச்சி தாங்காது. ஆகவே 180/120-க்கு மேல் காட்டினால் முதலில் உட்காருங்கள், ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகமோ கையோ ஒரு பக்கம் தளர்வது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, இதில் எது இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்கு என்றால் 160/110-க்கே ஓட வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், போட மறந்த மாத்திரை ஏதாவது உண்டா என்று பாருங்கள், கூடுதலாக எதையும் விழுங்காதீர்கள், டாக்டரை அழைத்துச் சொல்லி, அன்றோ மறுநாளோ போய்ப் பாருங்கள்.